முதலாளியாவது எப்படி என்று என்னைக் கேட்டார்கள்

1

சென்ற மாதம் நான் ஒரு விரிவுரை நிகழ்த்தினேன். உடனே நான் பேராசிரியனாகிவிட்டேன் என்று எங்கள் ஊர் வேலணையில் யாரும் கதை கட்டிவிட வேண்டாம். இங்கிலாந்தின் வடக்கே, மழை விட்டாலும் தூவானம் விடாத ஒரு பட்டணத்தில், ஒரு பொலிரெக்னிக்கின் கணக்குப் பகுதியில் நான் எழுதுவினைஞன். கணக்காளனாகிறேன் என்று பிளேன் ஏறி வந்தவன். பரீட்சையின் கடைசிப் பகுதி இன்னும் எனக்காகக் காத்திருக்கிறது. நானும் அதற்கு இடைஞ்சல் செய்வதில்லை.

இந்த நாட்டில் இப்போது படித்துவிட்டு வெளியே வரும் பிள்ளைகளுக்கு வேலை இல்லை. வேலை கொடுக்க அரசாங்கத்தால் முடியாமல் போகும்போதெல்லாம் பல்கலைக்கழகங்களுக்கு ஒரே ஞானம்தான் பிறக்கும் போலிருக்கிறது: வேலை தேடாதே, வேலையை உண்டாக்கு. அதைப் பெரிய எழுத்தில் அச்சடித்து, சாப்பாட்டு மண்டபத்திலிருந்து கழிப்பறைக் கதவு வரை ஒட்டியிருக்கிறார்கள். சொந்தத் தொழில் தொடங்கும் மாணவனுக்கு ஒரு மூலையில் மேசையும் ரெலிபோனும் உண்டு. அந்த ரெலிபோனில் யாரும் பேசிவிடாதபடி சுழற்றும் வட்டில் ஒரு சின்னப் பூட்டுப் போட்டிருக்கிறது. பூட்டு வாங்கிய பற்றுச்சீட்டு என் மேசைக்குத்தான் வந்தது.

வியாழக்கிழமைதோறும் வெற்றி பெற்ற வியாபாரி ஒருவரை அழைத்துவந்து மாணவர்களிடம் பேச வைப்பார்கள். கம்பளி ஆலைக்காரர் வந்தார், கார் ரயர் விற்பவர் வந்தார். மூன்றாவதாக வர இருந்தவரின் கொம்பனி அதற்கு முந்திய கிழமை முறிந்துபோயிற்று. அதனால் இந்த ஏற்பாட்டுக்குப் பொறுப்பான ஹார்ட்லி என்ற மனிதர் நேரே என்னிடம் வந்தார்.

"உங்கள் ஆட்களுக்கு வியாபாரம் இரத்தத்திலேயே இருக்கிறது அல்லவா?" என்று கேட்டார். அவர் வீட்டுத் தெருவில் ஒரு குஜராத்திக்காரர் கடை வைத்திருக்கிறாராம். அவர் வேறு, நான் வேறு, நடுவில் ஒரு கடலும் ஒரு பெரிய தேசமும் இருக்கின்றன என்று நான் விளக்கத் தொடங்குமுன் என் பெயர் அறிவித்தல் பலகைக்குப் போய்விட்டது. வெளியிலிருந்து வருகிறவர் பேசினால் கூலி உண்டு, உள்ளே வேலை செய்கிறவர் பேசினால் இல்லை. கூலி கேட்டு வரும் படிவங்களைப் பார்ப்பது என் வேலை. ஆகவே எனக்குக் கூலி கிடையாது என்று எழுதி நானே கையெழுத்தும் வைத்தேன்.

அன்று பின்னேரம் வீட்டில் பிட்டும் கத்தரிக்காய்ப் பொரியலும். என் மனைவி பத்மா, எங்கள் மகள் சுகந்தியின் சாப்பாட்டுக் கோப்பையில் பிட்டை வைத்தாள். சுகந்திக்கு ஏழு வயது. இங்கே பிறந்த பிள்ளை.

"நன்றி அம்மா," என்றாள் சுகந்தி.

பத்மாவுக்குச் சுருக்கென்றது. எங்கள் வீடுகளில் பிட்டுக்கு நன்றி சொல்லி யார் கேட்டிருக்கிறோம்? பள்ளிக்கூடத்தில் எதற்கெடுத்தாலும் நன்றி சொல்லப் பழக்கியிருக்கிறார்கள். பிள்ளை அதை அப்படியே தமிழாக்கி வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டது.

"நான் என்ன கடைக்காரியோ, நன்றி சொல்லுறதுக்கு? பேசாமல் சாப்பிடு," என்றாள் பத்மா. பிறகு கரண்டியைக் கீழே வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினாள். "இஞ்சருங்கோ, கடையெண்டதும் நினைவு வருது. எங்கடை தெரு மூலைக்கடையை அந்தக் கிழவி விடப்போறாவாம். நாங்கள் எடுப்பமோ?"

"கடையோ? நாங்களோ?"

"நான் பிஸ்கட் பக்ரறியில நிண்டு நிண்டு கால் வீங்குது. நிக்கிறதெண்டால் என்ரை கடையில நிக்கிறன். பேப்பர், பால், பாண், இனிப்பு. அவ்வளவுதான்."

"ஏலாது பத்மா. அப்பாவுக்கு நான் என்னெண்டு சொல்லுறது?"

"வெள்ளிக்கிழமைக்கிடையில பதில் சொல்லச் சொன்னவ. யோசியுங்கோ," என்று சொல்லிவிட்டு அவள் பொரியலைப் பரிமாறப் போய்விட்டாள். வியாழக்கிழமை எனக்கு விரிவுரை. ஊரார் பிள்ளைகளிடம் கடை வையுங்கள் என்று சொல்லிவிட்டு, அடுத்த நாள் வீட்டில் கடை வேண்டாம் என்று சொல்ல வேண்டும்.

2

ஹார்ட்லி சொன்னது முழுப் பொய்யும் அல்ல. எங்கள் யாழ்ப்பாணத் தீவுப்பகுதி ஆளிடம் கடை நடத்தத் தெரியுமா என்று கேட்பது, ஊர்காவற்றுறைப் பிள்ளையிடம் நீந்தத் தெரியுமா என்று கேட்பதைப் போன்றது. கிணற்றில் உப்பு, தோட்டத்தில் கல். ஆண்கள் பெட்டியைக் கட்டிக்கொண்டு தென்னிலங்கைக்குப் போனார்கள். சந்திக்குச் சந்தி கடை போட்டார்கள். என் அப்பா தெற்கே ஒரு கடலோரப் பட்டணத்தில் அரிசி, பருப்பு, சுருட்டு, மண்ணெண்ணெய் எல்லாம் விற்றார். தைப்பொங்கலுக்கும் சித்திரை வருஷப்பிறப்புக்கும்தான் வீட்டுக்கு வருவார். வந்த முதல் நாள் மத்தியானம் படுத்துக் கண்ணயர்ந்தால், நித்திரையில் யாருக்கோ சிங்களத்தில் மிச்சக்காசு கொடுத்துக்கொண்டிருப்பார். அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பா.

ஐம்பத்தெட்டு இனக் கலவரத்தில் அந்தக் கடையை எரித்தார்கள். அப்பா அகதிகளோடு கப்பலில் காங்கேசன்துறையில் வந்து இறங்கினார். உடுத்திருந்த சாரமும் ஒரு சேட்டும்தான். தான் எப்படித் தப்பினார் என்று அவர் யாருக்கும் சொன்னதில்லை. விசாரிக்க வந்தவர்களிடம், இந்த வருஷம் மழை எப்படி, புகையிலை எப்படி என்றெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். கொஞ்சக் காலம் கழிய, திரும்பிப் போய் அதே பட்டணத்தில் மறுபடியும் கடையைத் திறந்தார். போகுமுன் என்னைக் கூப்பிட்டு ஒன்று சொன்னார்.

"தம்பி, கடையை எரிக்கலாம். உத்தியோகத்தை ஒருத்தராலும் எரிக்கேலாது. நீ படி."

நான் படித்தேன். வேறு என்ன செய்வது? எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைமாருக்கும் ஒரு வரிசை உண்டு. முதலில் டொக்டர், அடுத்தது எஞ்சினியர், பிறகு கிளறிக்கல் என்கிற எழுதுவினைஞன், பிறகு வாத்தியார். கடைக்காரன் அந்த வரிசையின் வாலில் நிற்பான். கிளறிக்கல் மாப்பிள்ளையின் சம்பளத்தை அவன் ஒரு மாதக் கடனாகக் கொடுத்திருப்பான், அது வேறு கதை. வீட்டுக்கு வீடு பிள்ளைகளைப் படிக்க அனுப்பியதற்குக் காரணம் கல்வியின்மேல் கொண்ட காதல் என்று மேடைகளில் சொல்வார்கள். கடைக் கல்லாவில் இருந்து எழும்பிப் போக வேண்டும் என்பதுதான் காரணம். எனக்குப் பல்கலைக்கழக அனுமதி கிடைத்த அன்று, அப்பா கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் கற்கண்டு கொடுத்தாராம்.

3

நான் கடைசி வருஷத்துக்கு வந்தபோது எங்கள் நாட்டிலும் பட்டதாரிகளுக்கு வேலை இல்லாமல் போயிற்று. உடனே எங்கள் பல்கலைக்கழகத்துக்கும் ஞானம் பிறந்தது. அது எழுபதுகளின் தொடக்கம். சீனியும் மாவும் பங்கீட்டுக் கூப்பனுக்குத்தான்.

எங்களுக்கு வர்த்தகம் படிப்பித்தவர் வெளிநாட்டில் படித்துவிட்டு அப்போதுதான் திரும்பியிருந்தார். கொழும்பிலேயே பிறந்து வளர்ந்த தமிழர். மூச்சுக்கு மூச்சு முயற்சி, முயற்சி என்பதால் அவருக்கு நாங்கள் வைத்த பெயர் முயற்சி சேர். "அரசாங்கக் கதிரையை எதிர்பார்த்துக்கொண்டு நிற்காதீர்கள். உங்களுக்கு வேண்டிய கதிரையை நீங்களே செய்யுங்கள்," என்பார். அதை அரசாங்கக் கதிரையில் சாய்ந்திருந்துதான் சொல்வார்.

அவர் ஒரு திட்டம் கொண்டுவந்தார். விடுமுறைக்குப் போகும் ஒவ்வொரு மாணவனும் தன் ஊரில் ஏதாவது ஒரு தொழிலைத் தொடங்கி நடத்த வேண்டும். அவர் நேரில் வந்து பார்த்துப் புள்ளி போடுவார். நல்ல புள்ளி எடுத்தவனுக்கு நற்சான்று எழுதித் தருவார். அந்த நற்சான்றைக் காட்டி நாங்கள் என்ன செய்ய முடியும் என்று ஒருவன் கேட்டான். அரசாங்க வேலைக்கு விண்ணப்பிக்கலாம் என்று சேர் சொன்னார். கடை வேண்டாம் என்று அப்பா என்னைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பியிருந்தார். பல்கலைக்கழகம் கடை வை என்று என்னை ஊருக்குத் திருப்பி அனுப்பியது.

என்னோடு கூட்டுச் சேர்ந்தவன் அன்ரன். ஊர்காவற்றுறைக்காரன், பரம்பரையாகக் கடற்றொழில் செய்யும் கத்தோலிக்கக் குடும்பம். இருவருமாக ஒரு திட்டம் எழுதினோம். ஆனியில் நயினாதீவு அம்மன் கோயில் திருவிழா. வள்ளம் வள்ளமாகச் சனம் வந்து இறங்கும். இறங்குதுறையில் வெயில் மண்டையைப் பிளக்கும். அங்கே குளிர்பானம் விற்பவர் ஒருவர்கூட இல்லை. முயற்சி சேர் எழுத்தின் கீழே சிவப்பு மையால் கோடு இழுத்தார். "போட்டியே இல்லை. பிரமாதம்," என்றார்.

ஏன் ஒருவரும் விற்பதில்லை என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் சொல்லியிருக்க வேண்டும். திருவிழாவுக்கு வருகிறவர்களுக்கு மோர்த் தண்ணீர் ஊற்றுவது எங்களிடம் நேர்த்திக்கடன். கிடுகுப் பந்தல் போட்டு, கிடாரத்தில் கரைத்து, வருகிறவர்களை மறித்து மறித்துக் கொடுப்பார்கள். நானே அதைக் குடித்து வளர்ந்தவன்தான். ஆனால் என் பக்கம் ஒரு பெரிய நியாயம் இருந்தது. தண்ணீர்ப் பந்தலில் கொடுப்பது சூடேறிய மோர். நாங்கள் கொடுக்கப்போவது ஐஸ் போட்ட பானம். இலவசத்துக்கும் விலைக்கும் நடுவில் ஐஸ் இருக்கிறது என்று அந்தத் திட்டத்தில் எழுதியிருந்தேன். அந்த வரிக்கும் சேர் கோடு இழுத்திருந்தார்.

சீனிக்கு வழியில்லை. அதற்குப் பதிலாகப் பனங்கட்டி போடுவதென்று தீர்மானித்தோம். தேசிக்காய்ப் புளி, கொஞ்சம் இஞ்சி, கொஞ்சம் ஏலக்காய். புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டோம் என்ற சந்தோசத்தில் இருந்தோம்.

இந்த நேரம் பார்த்து எனக்குக் கலியாணப் பேச்சு வந்தது. பெண் மண்கும்பான் விசுவலிங்கத்தாரின் மகள் பத்மா. யாழ்ப்பாணம் போகும் பஸ்ஸில் எத்தனையோ நாள் அவளுக்கு நேர் பின்னால் நின்று பயணம் செய்தவன் நான். அவளும் ஒருநாள் திரும்பிப் பார்த்திருக்கிறாள். இவளைத் தவிர வேறு எவளையும் கட்டுவதில்லை என்று நான் எனக்குள் முடிவு செய்து வெகுகாலம். அவள் தகப்பன் தோட்டம் துரவு உள்ள மனிதர், கோயில் காரியங்களில் முன்னுக்கு நிற்பவர். தரகரிடம் ஒரே ஒரு நிபந்தனை சொல்லி அனுப்பியிருந்தார்.

"பெடியன் கம்பஸிலை படிக்கிறான் எண்டபடியால்தான் யோசிக்கிறன். தகப்பன்ரை தொழில் பெடியனிலை ஒட்டிக்கொண்டிருக்கெண்டு கண்டனோ, பேச்சை அதோடை விட்டிடுவன்."

விற்றால்தான் புள்ளி. விற்பதைக் கண்டால் பத்மா இல்லை. விசுவலிங்கத்தார் ஆனித் திருவிழாவைத் தவறவிட்டதே கிடையாது.

4

அதனால் வேலையைப் பங்கு போட்டுக்கொண்டோம். அன்ரன் முன்னுக்கு நின்று ஊற்றிக் காசு வாங்குவான். நான் பின்னால் கிடுகு மறைப்புக்குள் தேசிக்காய் பிழிவேன். விலைப்பலகை ஒன்றும் எழுதினோம். எழுதிய பிறகு எனக்குப் பயம் பிடித்தது. எழுத்து உள்பக்கம் பார்த்தபடி அதைக் கட்டினேன்.

திருவிழாவன்று விடியவே பந்தல் தயார். ஐஸ் யாழ்ப்பாணத்திலிருந்து மரத்தூளுக்குள் வைத்து வந்தது. அம்மனின் சந்நிதியில் மீன் ஐஸ் என்று பெயர் வந்துவிடக்கூடாதே என்று நான் சாக்கை முகர்ந்து முகர்ந்து பார்த்தேன்.

"மச்சான், இது புதுச் சாக்கு. மாதாவாணை மீனைக் கண்டதில்லை," என்றான் அன்ரன்.

ஒரு தொழிலைச் சும்மா தொடங்க முடியுமா? நல்ல காரியத்துக்கு நிறைகுடம் வைக்க வேண்டும். வைத்தோம். குத்துவிளக்கு ஏற்றினோம். மாவிலைத் தோரணம் கட்டினோம். அம்மன் படம் ஒன்றை நடுவில் வைத்துப் பூமாலை போட்டு, முன்னால் ஒரு தாம்பாளத்தில் விபூதி சந்தனமும் வைத்தோம். பல்கலைக்கழகத்துப் பாடப்புத்தகத்தில் இதெல்லாம் இல்லைத்தான். ஆனால் இவையில்லாமல் தொடங்கினால் தொழில் உருப்படாது என்பதில் எங்கள் இருவருக்கும் கருத்து வேற்றுமை இருக்கவில்லை, வேதக்காரனான அன்ரனுக்கும்கூட. விலகி நின்று பார்த்தபோது மனம் நிறைந்தது. உலகத்தில் இதைவிட லட்சணமான தண்ணீர்ப் பந்தல் இருக்க முடியாது என்பது அப்போது எனக்குத் தோன்றவில்லை.

முதல் வள்ளம் வந்தது. வயதான ஓர் அம்மா நேரே வந்து கையை நீட்டினா. அன்ரன் ஒரு கிளாஸ் கொடுத்தான். அவ ஒரே மூச்சில் குடித்துவிட்டு முகமெல்லாம் மலர்ந்தா.

"பானக்கம். ஐஸ் போட்ட பானக்கம். இந்த வெயிலுக்கு என்ன புண்ணியமான வேலை செய்யிறியள் பிள்ளையள். அம்மாள் உனக்குக் குறையொண்டும் விடமாட்டா ராசா," என்று அன்ரனின் தலையில் கையை வைத்து வாழ்த்திவிட்டுப் போனா.

எனக்கு மறைப்புக்குள் தேசிக்காய் கை நழுவி விழுந்தது. பனங்கட்டி, தேசிக்காய், இஞ்சி, ஏலக்காய். நாங்கள் கண்டுபிடித்தது பானக்கம். கோயில்களில் படைத்துவிட்டுச் சனத்துக்கு வார்க்கும் அதே பானக்கம். காலங்காலமாக அதை ஒருவரும் விற்றதில்லை.

"காசு கேளடா," என்று உள்ளிருந்து மெல்லச் சொன்னேன்.

"நீ வந்து கேள். ஆசீர்வாதம் வாங்கினாப் பிறகு நான் எப்பிடிக் காசு கேக்கிறது?"

அடுத்த வள்ளம், அதற்கடுத்த வள்ளம். செய்தி பரவி, சனம் வரிசை கட்டிவிட்டது. பக்கத்துப் புத்த விகாரையைக் கும்பிட வந்த சிங்களச் சனமும் வரிசையில் சேர்ந்தது. அவர்கள் ஊரிலும் பெருநாளுக்குத் தன்சல் என்று சும்மா கொடுக்கும் வழக்கம் உண்டு. ஆகவே அவர்களுக்கும் சந்தேகம் எழவில்லை. குடித்துவிட்டு அன்ரனுக்குக் கைகூப்பிவிட்டுப் போனார்கள். காசு கொடுப்பதில்லை என்ற விஷயத்தில் இரண்டு இனமும் அன்று முழு ஒற்றுமையாக இருந்தன.

மத்தியான வள்ளத்தில் விசுவலிங்கத்தார் வந்து இறங்கினார். வெள்ளை வேட்டி, தோளில் சால்வை. பின்னால் மனைவியும் பத்மாவும். அவர் ஒரு கிளாஸ் குடித்தார். இன்னொன்று வாங்கினார். மறைப்புக்குள் நான் இருப்பதைக் கண்டுகொண்டார்.

"தம்பி, நீரோ? உம்மடை பந்தலோ இது?"

"ஓம் ஐயா," என்றேன். வேறு என்ன சொல்வது?

"இந்த வயசிலை இப்பிடி ஒரு தர்ம சிந்தனை. முன்னுக்கு நிண்டு பேரெடுக்காமல், பின்னுக்கு இருந்து தேசிக்காய் பிழியிறீர்," என்று சொன்னவர் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையில் எனக்குக் கலியாணமே முடிந்துவிட்ட மாதிரி இருந்தது.

அதே வள்ளத்தின் பின்பகுதியிலிருந்து, கறுப்புக் கண்ணாடியும் வெள்ளைக் காற்சட்டையுமாக முயற்சி சேர் இறங்கி வந்தார். வரிசையின் நீளத்தைப் பார்த்ததும் ஓடி வந்தார்.

"பிரமாதம். இவ்வளவு வாடிக்கையாளர். எங்கே, ஒரு கிளாஸ் என்ன விலை?" என்று ஊருக்கே கேட்கக் கேட்டார்.

விசுவலிங்கத்தாரின் கிளாஸ் வாய்க்குப் போகாமல் நடுவில் நின்றது.

"விலையோ? ஆர் விக்கிறது? அம்மாளின்ரை வாசல்லை பானக்கத்துக்கு விலையோ?" என்றார். என் முகத்தை நேரே பார்த்துத்தான் கேட்டார்.

வரிசை முழுவதும் என்னைப் பார்த்தது. அன்ரன் கடலைப் பார்த்தான். விலை உண்டு என்றால் பத்மா போய்விடுவாள், இல்லை என்றால் பரீட்சை போய்விடும். உண்மையைச் சொல்கிறேன், பரீட்சை போனால் போகட்டும் என்றுதான் வாயைத் திறந்தேன். 

அதற்குள் பத்மா தாயின் பின்னாலிருந்து முன்னுக்கு வந்தாள். கைலேஞ்சி முடிச்சை அவிழ்த்து ஒரு ரூபாய்க் குற்றியை எடுத்தாள். அம்மன் படத்துக்கு முன்னால் இருந்த தாம்பாளத்தில் அதை வைத்துக் கண்ணை மூடிக் கும்பிட்டாள். பிறகு கிளாஸை எடுத்துக் குடித்தாள்.

"விலையில்லை அப்பா. காணிக்கை," என்றாள்.

அவளுக்குப் பின்னால் நின்றவர்களுக்கு வெட்கமாகப் போய்விட்டிருக்க வேண்டும். அடுத்தவர் ஒரு குற்றி வைத்தார். அதற்கடுத்தவர் இரண்டு வைத்தார். ஏற்கனவே குடித்துவிட்டுக் கோயிலடிக்குப் போனவர்களும் திரும்பி வந்து வைத்தார்கள். சிங்களச் சனமும் வைத்தது. தாம்பாளத்தில் விபூதி தெரியவில்லை. விலைப்பலகையில் நாங்கள் எழுதியதைவிட ஆளுக்கு அதிகமாகவே விழுந்தது. முயற்சி சேர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார்.

"வாடிக்கையாளரே விலையைத் தீர்மானிக்கும் முறை. இதை நான் எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை," என்று சொல்லி, இருந்த இடத்திலேயே முழுப் புள்ளியும் போட்டார். இலாபம் எவ்வளவு வரும் என்று அவர் கேட்டுக்கொண்டிருந்தபோது, விசுவலிங்கத்தார் சால்வையை இடுப்பில் கட்டிக்கொண்டு தாம்பாளத்தை இரண்டு கையாலும் தூக்கினார்.

"காணிக்கைக் காசு பந்தலிலை கிடக்கப்படாது தம்பி. வாரும், நானே கொண்டுபோய் உண்டியல்லை போட்டுவிடுறன்."

நான் அவருக்குப் பின்னால் நடந்தேன். எனக்குப் பின்னால் அன்ரன் நடந்தான். அவனுக்குப் பின்னால், என்ன நடக்கிறது என்று விளங்காமல் முயற்சி சேர் நடந்தார். எங்கள் கொம்பனியின் முழு வருமானமும் உண்டியலுக்குள் விழும் சத்தத்தை மூன்று பேரும் கைகூப்பி நின்று கேட்டோம்.

5

அந்த ஆவணியில் எனக்கும் பத்மாவுக்கும் கலியாண எழுத்து நடந்தது. சேரின் நற்சான்றைக் காட்டி அரசாங்கக் கச்சேரியில் ஒரு சின்ன உத்தியோகமும் எடுத்துவிட்டேன். நடந்ததையெல்லாம் கேள்விப்பட்ட அப்பா என்னிடம் ஒன்றுதான் விசாரித்தார். "நீ ஆரிட்டையும் காசு கேட்டனியோ?" என்றார். கேட்கேலாமல் போய்விட்டது என்றேன். அவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. மகனுக்கு வியாபாரம் வராது என்று கண்டு சந்தோசப்பட்ட முதலாளி அவர் ஒருவராகத்தான் இருக்க வேண்டும். எழுபத்தேழுக் கலவரத்தோடு அவரும் கடையை விட்டுவிட்டு ஊரோடு வந்துவிட்டார்.

ஏன் அந்தக் காசை வைத்தாய் என்று கலியாணத்துக்குப் பிறகு பத்மாவைக் கேட்டேன். "நீங்கள் ஆரிட்டையும் கேக்கமாட்டியள் எண்டு தெரிஞ்சுது. ஒரு ஆளாவது குடுக்கோணுமே," என்றாள்.  

வியாழக்கிழமை இதையெல்லாம் மாணவர்களுக்குச் சொன்னேன். சொல்ல வேறு வியாபார அனுபவம் என்னிடம் இல்லையே. பானக்கத்தை விளக்குவதற்கே பாதி நேரம் போயிற்று. உண்டியல் கட்டத்தில் பிள்ளைகள் மேசையில் தட்டித் தட்டிச் சிரித்தார்கள். ஹார்ட்லியும் சிரித்தார், ஆனால் இதிலிருந்து என்ன பாடம் எடுப்பது என்று பார்த்துக்கொண்டே சிரித்தார். கடைசியில் முன்வரிசையில் இருந்த ஒரு பெண் கையை உயர்த்தினாள்.

"அன்று அந்தக் கூட்டத்தில் தொழில் தெரிந்த ஒரே ஆள் உங்கள் மனைவிதான். அவர் இப்போது என்ன தொழில் செய்கிறார்?" என்று கேட்டாள்.

பிஸ்கட் தொழிற்சாலையில் பெட்டி அடுக்குகிறாள் என்றேன். பிள்ளைகள் அதையும் பகிடி என்று நினைத்துச் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஹார்ட்லி எனக்கு நன்றி சொன்னார்.

வீட்டுக்குப் போய், சப்பாத்தைக் கழற்ற முன்னமே பத்மாவிடம் சொன்னேன்.

"கடையை எடுப்பம். எனக்குச் சம்மதம்."

"முற்பணம் நேற்றே குடுத்திட்டன்," என்றாள் பத்மா. "நீங்கள் மாமாவுக்குச் சொல்லிப்போடுங்கோ."

அதுதான் பெரிய வேலை. வேலணைக்கு ரெலிபோன் எடுப்பதென்றால், முதலில் தபால் கந்தோருக்கு ஆள்மூலம் சொல்லி, நாளும் நேரமும் குறித்து, அப்பா அங்கே வந்து வாங்குப் பலகையில் காத்திருக்க வேண்டும். இங்கே ஓப்பரேட்டர் கொழும்புக்குப் போடுவாள். கொழும்பு யாழ்ப்பாணத்துக்குப் போடும். யாழ்ப்பாணம் சாப்பிடப் போயிருக்கும். ஒரு வழியாக ஞாயிறு கழிந்து லைன் கிடைத்தது. அப்பா குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல வந்தது. வெயில், மழை, சுகந்தியின் படிப்பு என்று சுற்றிச் சுற்றி வந்தேன். காசு போய்க்கொண்டிருந்தது.

"அப்பா, பத்மா இஞ்சை ஒரு கடை எடுத்திருக்கிறா. நானும் ஓம் எண்டிட்டன்," என்று சொல்லிவிட்டேன்.

 உத்தியோகத்தை ஒருத்தராலும் எரிக்கேலாது என்று மறுபடியும் சொல்லப்போகிறார் என்று காத்திருந்தேன். "கதைக்கிறியளோ?" என்று நடுவில் யாழ்ப்பாணத்து ஓப்பரேட்டர் கேட்டாள்.

"கதைக்கிறம் பிள்ளை," என்றார் அப்பா. பிறகு என்னைக் கேட்டார். "தம்பி, கடைக்குப் பின்கதவு இருக்கோ?"

"என்னப்பா?"

"பின்கதவு. நான் அதாலைதான் வந்தனான்."

தான் தப்பிய விதத்தை இத்தனை வருஷத்தில் முதன்முறையாகச் சொன்னார்.  

"இருக்கு அப்பா," என்றேன்.

"அப்ப நடத்துங்கோ. பிள்ளையைக் கேட்டதாச் சொல்லு." லைன் அறுந்துபோயிற்று.

நான் அந்தக் கதவைப் பார்த்திருக்கவேயில்லை. கோட்டை மாட்டிக்கொண்டு தூறலில் மூலைக்கடைக்கு நடந்தேன். பத்மா உள்ளே கிழவியோடு நின்று சாமான்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நேரே பின்னால் சாமான் அறைக்குப் போனேன். கதவு ஒன்று இருந்தது. அதற்கு முன்னால் வெறும் பால் பெட்டிகளும் சோடாப் பெட்டிகளும் கூரை முட்ட அடுக்கிக் கிடந்தன.

"என்ன செய்யிறியள்?" என்று கேட்டுக்கொண்டு பத்மா வந்தாள்.

அப்பா கேட்டதைச் சொன்னேன். அவள் சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, நான் இறக்கிய முதல் பெட்டியின் மறுபக்கத்தைப் பிடித்தாள்.